தேவதை வேறு, தூதர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'தேவதைகள்' பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் வானதூதர்களான கபிரியேலையும் மிக்கேலையும் கட்டுரை முழுக்கத் தேவதை என்றே எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேவதை என்றால் நம் ஊரில் படையல் உண்டு, பூசை உண்டு, நேர்ந்துகொள்வது உண்டு. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளில் வருகிறவர்கள் அப்படி இல்லை. எபிரேயத்தில் மலாக், அரபியில் மலக், கிரேக்கத்தில் அங்கெலோஸ் என்று எப்படிச் சொன்னாலும் அடிப்படைப் பொருள் தூதர்தான்.

படையலையே எடுத்துக்கொள்ளுங்கள். விவிலியத்தின் நீதித் தலைவர்கள் நூலில் மனோவாகு என்பவர், வெள்ளாட்டுக் குட்டி சமைத்துத் தருவதாகச் சொல்லித் தூதரை இருக்கச் சொல்கிறார். உன் உணவை உண்ண மாட்டேன், பலியிடுவதானால் ஆண்டவருக்குச் செலுத்து என்கிறார் தூதர். குர்ஆனில் இப்ராஹீம் நபி, அதாவது விவிலியத்தின் ஆபிரகாம், விருந்தினராக வந்த மலக்குகளுக்குப் பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். வந்தவர்களின் கை அதன் பக்கம் போகவில்லை. அதைக் கண்டதும் அவருக்கு அச்சம் வந்துவிடுகிறது. விவிலியத்தின் தொடக்க நூலில் அதே ஆபிரகாமின் விருந்தாளிகள் மரத்தடியில் சாப்பிடவே செய்கிறார்கள். உண்பதுபோல் காட்டிக்கொண்டார்கள் என்று யூதர்களின் சமய விளக்க நூலான தல்மூத் இதற்கு விளக்கம் சொல்கிறது. விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில் யோவான் காலில் விழும்போது, தூதர் அவரைத் தடுத்து, நானும் உன்னைப்போல் ஒரு பணியாளன், கடவுளை வணங்கு என்கிறார். எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் அது. தனக்கென்று எதையும் ஏற்காதவரைத் தேவதை என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

கட்டுரையோடு வந்த படத்தில் இறக்கை வைத்த இளம்பெண். மலக்குகளைப் பெண்கள் என்று சொல்வதைக் குர்ஆன் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது: கிறிஸ்தவ மரபில் சாத்தான் வீழ்ந்துபோன தூதன், மலக்குகள் இறைவனுக்கு மாறு செய்வதில்லை என்பது இஸ்லாம், அங்கே சாத்தானாகிய இப்லீஸ், மலக்குகளிலிருந்து வேறான ஜின் இனத்தவன்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? தூங்கப் போகும்போது காவல் சம்மனசிடம், அதாவது நம்மைக் காக்கும் தூதரிடம், வேண்டிக்கொள்ளச் சொல்லித்தான் என் பாட்டி எங்களை வளர்த்தார். வேதாகமத்தில் தேவதூதன், வானதூதர் என்ற சொற்கள் இருக்கின்றன. மேலப்பாளையத்து நண்பர் மலக்கு என்பார். தொழுகை முடிவில் வலமும் இடமும் திரும்பிச் சலாம் சொல்லும்போது, நம் செயல்களை எழுதும் இரு மலக்குகளுக்கும் அது சேரும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த முறை இந்தச் சொற்களிலேயே எழுதுங்கள், ஐயா.

- வாசகர், பாளையங்கோட்டை