கால்கட்டு மருந்தல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈவிரக்கமற்ற சுபாவம் உள்ளவர்கள் திருந்துவார்களா என்று கேட்ட சென்ற இதழ்க் கட்டுரை, அன்பு காட்டினால் யாரும் மாறுவார்கள் என்று முடிந்திருந்தது. எங்கள் செட்டிநாட்டில் இந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவள் வீட்டுக்கு வரும் மருமகள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் உறவில் ஒருவன். பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டின் தேக்குக் கதவை யாருக்கும் தெரியாமல் காரைக்குடியில் பழம்பொருள் கடைக்கு விற்றான். பெற்ற ஆத்தாளையே அடித்தான். பிடிபட்டால் அழுவான், அடுத்த வாரம் மறுபடியும் அதேதான். அவனுக்கு என்ன கோளாறு என்று சொல்ல நான் மருத்துவரில்லை. ஆனால் பெரியவர்கள் மருத்துவரிடம் போகவே இல்லை. "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடுவான்" என்றார்கள். பெண் வீட்டாரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

மாற்றமே வராது என்று நான் சொல்லவில்லை. அடுத்தவரை ஏமாற்றுவதும் அடிப்பதுமே வழக்கமாகிப்போன சமூக விரோத ஆளுமைக் கோளாறு உள்ள பலரிடம் நாற்பது வயதுக்கு மேல் முரட்டுத்தனம் தணிகிறது. அடுத்தவர் வலி உறைக்காத குணம் அவ்வளவு லேசில் போவதில்லை, அதற்கென்று மாத்திரையும் இல்லை. கனடாவில் பலத்த காவலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் குற்றவாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேச வைத்தார்கள். அவர்களில் இந்தக் குணம் முற்றியவர்கள், அதே குணத்தோடு வெறும் சிறையில் இருந்தவர்களைவிட அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்று 1992-இல் வந்த ஆய்வு சொன்னது. உருக்கமான பேச்சை நான் நம்பாததற்கு இது போதும்.

சிறு வயதில் பிடித்தால் கதை வேறு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மெண்டோட்டா மையம் 1995 முதல், மிக முரட்டுப் பையன்களின் அன்றாட நடத்தையைக் கவனித்து, நல்லபடி நடந்தால் உடனுக்குடன் சலுகை தருகிறது. அங்கே சிகிச்சை பெற்றவர்களிடம் வன்முறைக் குற்றங்கள் குறைந்தன. ஆகவே வீட்டில் ஒரு பையன் நாய், பூனையைச் சித்திரவதை செய்து ரசித்தால், கூசாமல் திருடினால், 'வளர்ந்தா சரியாயிடும்' என்று விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

பெண் கேட்டுப் போகும் பங்காளிகளிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாண ஒப்பந்தமான இசைபிடிமானம் எழுதும் முன்பே, பையன் செய்ததையெல்லாம் பெண்ணிடமே சொல்லுங்கள். எத்தனை வருஷமாக யாரையும் அடிக்காமல், ஏமாற்றாமல் இருக்கிறான் என்று சொல்ல முடிந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் அவனுக்குப் பெண் கேட்டுப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவகோட்டை