பாக் நீரிணையை முதலில் நீந்தியவர்

ஐயா,

பாக் நீரிணை நீச்சல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, அதை முதலில் நீந்திக் கடந்தவர் இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் என்கிறது. 1958-இல் ஆங்கிலக் கால்வாயையும், 1966-இல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரையும் நீந்திய அவரது பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1954-இல், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி எங்கள் கோடியக்கரைக்கு நீந்தி வந்துவிட்டார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் இதே கடலில் போய், திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம்! அந்த மனிதர் 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். இவர்களை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று. நீச்சல் குளத்தில் ஐம்பது மீட்டர் என்றால் எங்கும் ஐம்பது மீட்டர்தான். கடலில் அப்படியில்லை. தலைமன்னார்–தனுஷ்கோடி வழி குறுகியது. தொண்டைமானாறும் வல்வெட்டித்துறையும் உள்ள வடமராட்சியிலிருந்து கோடியக்கரை வருவது அதைவிட நெடுந்தூரம். நீரோட்டமும் காற்றும் நாளுக்கு நாள் மாறும். நீந்துபவர் துணைப் படகைத் தொடவே கூடாது, கஞ்சியோ பழச்சாறோ எட்டி வாங்கி மிதந்தபடியேதான் குடிக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் மணிக்கணக்கை வைத்து "முந்தைய சாதனை முறியடிப்பு" என்று தலைப்பிடுவது பொருந்தாது. இனி இத்தகைய செய்திகளில் புறப்பட்ட கரை, சேர்ந்த கரை, தூரம் மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், வேதாரண்யம்