முதலில் புத்தகத்தைக் கொடு

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஒரு குழந்தைக்குப் பதினஞ்சு நிமிஷம்தாம்மா. எடை, உயரம், ஊசி, அவங்க கேட்கிற கேள்வி, கம்ப்யூட்டர்ல எழுத வேண்டியது. எல்லாம் முடியறதுக்குள்ள பக்கத்து ரூம்ல அடுத்த குழந்தை அழ ஆரம்பிச்சிடுது. புத்தகத்தைக் கிளம்பும்போது கையில திணிச்சு அனுப்பிடறேன்" என்றாய். குழந்தை மருத்துவப் பயிற்சியில் இன்டர்ன் ஆகி மூன்று மாதம்கூட முடியவில்லை. குரலிலேயே அசதி தெரிந்தது. அப்போது உன்னைச் சாப்பிடவும் தூங்கவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் செக்கப்புக்கு வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாம் கொடுக்கிற அந்தப் படப் புத்தக விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக கலிபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார். கதவைத் திறந்து உள்ளே போகும்போதே புத்தகம் உன் கையில் இருக்கட்டும். வணக்கம் சொன்ன கையோடு குழந்தையிடம் நீட்டிவிடு. அம்மாவிடம் கொடுக்காதே, குழந்தையிடம் கொடு. கொடுத்துவிட்டு அரை நிமிஷம் வாயைத் திறக்காமல் பார்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். முதல் பிறந்தநாள் முடிந்து நாலு நாள். இங்கே இப்போது உலர்திராட்சைக் காலம். குலைகளை வெட்டி, வரிசைகளுக்கு நடுவே மண்ணில் காகிதம் விரித்துக் காயப்போடுகிறார்கள். அவன் அம்மா வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், சட்டைக் கையெல்லாம் புழுதி. நான் கெட்டி அட்டைப் புத்தகத்தை நீட்டினேன். பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அப்புறம் இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டான். தலைகீழாகப் பிடித்து ஓரத்தைக் கடித்தான். தொடையில் இரண்டு தட்டு தட்டினான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு பக்கத்தைப் பிரித்தான். உள்ளே ஒரு நாய். ஒற்றை விரலை அதன் மூக்கில் வைத்துவிட்டு, திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "பெர்ரோ" என்றாள் அவள், ஸ்பானிஷில் நாய். அவன் "பே" என்றான்.

அந்த அரை நிமிஷத்தில் எனக்கு என்னவெல்லாம் தெரிந்துவிட்டது என்று யோசி. கண் சரியாகப் பார்க்கிறது, காது கேட்கிறது. விரல்கள் அந்த வயதுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கின்றன. சுட்டிக்காட்டுகிறான், காட்டியதை இன்னொருவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறான். பேச்சு வருகிறது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே எல்லாம் நன்றாக இருக்கிறது. இவ்வளவையும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் பத்து நிமிஷம் போயிருக்கும், அதிலும் பாதிக்கு "ஆமாம், தொக்தோரா" என்று மரியாதைக்குத்தான் பதில் வந்திருக்கும். புத்தகத்துக்கு நேரமில்லை என்றாயே, அது உன் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அதற்கப்புறம் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல். அறிவுரையாகச் சொல்லாதே, நீ பார்த்ததைச் சொல். "பாருங்க, நாயைத் தொட்டதும் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தான், நீங்க பேர் சொன்னதும் அவனும் சொல்லிப் பார்த்தான்" என்று நான் சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தன் பிள்ளைக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆறு மாதக் குழந்தை புத்தகத்தை வாயில் வைத்ததும் நிறைய அம்மாக்கள் பதறிப் பிடுங்குவார்கள். "கிழிச்சிடுவான், பெரியவனானதும் தர்றேன்" என்பார்கள். எங்கள் க்ளினிக்கிலிருந்து வீடுகளுக்குப் போய்வரும் ப்ரோமொதோரா (சமூக சுகாதாரப் பணியாளர்) ஒருத்தி சொன்னாள்: ஒரு வீட்டில் நாங்கள் கொடுத்த நாலு புத்தகங்களும் கசங்காமல், குவாதலூப்பே மாதா படத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தனவாம். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். அது அலட்சியம் இல்லை கயல், மரியாதை. அதனால் "கடிக்கட்டும், அவன் இப்படித்தான் படிப்பான், கிழிந்தால் என்னிடம் இன்னொன்று இருக்கிறது" என்று நீயாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடு.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள். ஸ்பானிஷில் 'எதுகாசியோன்' என்றால் பள்ளிப் படிப்பு மட்டும் இல்லை. பெரியவர்களை மதிப்பது, நல்லது கெட்டது தெரிந்து நடப்பது, நம் ஊரில் வளர்ப்பு என்கிறோமே, அதெல்லாம் சேர்ந்ததுதான். வளர்ப்பு எங்கள் பொறுப்பு, எழுத்து டீச்சர் பொறுப்பு என்று பல பெற்றோர் உண்மையாகவே நம்புகிறார்கள். அதைப் பார்த்து, இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்கிறவர்களை நீயும் சந்திப்பாய். நம்பாதே. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து திராட்சை வெட்டப் போகிறவர்களிடம் யாருக்காக என்று கேட்டால் பிள்ளையின் படிப்புக்காக என்றுதான் பதில் வரும். மடியில் வைத்துப் படம் காட்டுவதும் வளர்ப்புதான் என்று டாக்டர் வாயால் கேட்டால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். உனக்கு நாலு வயதிருக்கும்போது உன் பிரீ ஸ்கூல் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள், இல்லாவிட்டால் இவள் குழம்பிப்போவாள் என்றார். 2002 அது. நான் ரெசிடென்சியில் இருந்தேன், டாக்டர் பட்டம் வாங்கியவள், ஆனாலும் பயந்துவிட்டேன். உன்னிடம் தமிழில் பேசுவதையே குறைத்தேன். பாட்டி மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மளிகைக் கடைக் காலண்டரில் இருந்த முருகன் படத்தைக் காட்டி, மயில் எங்கே, சேவல் எங்கே, வேல் எங்கே என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நீ இந்தக் கடிதத்தைப் படிக்கிறாய் என்றால் அதற்குப் பாட்டிதான் காரணம்.

என் வீட்டில் செய்ததோடு நான் நிறுத்தவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு வயதாகியும் பேச்சு வராத ஒரு பையனின் அம்மாவிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். ஸ்பானிஷை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று. அவளுக்கு ஆங்கிலத்தில் இருபது முப்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். அடுத்த வருஷம் வந்தார்கள். அறையில் ஒரே அமைதி. "சிட்" என்றாள், "நோ" என்றாள், "கம்" என்றாள், அவ்வளவுதான். பையன் முகம் பார்க்காமல் காரை உருட்டிக்கொண்டிருந்தான். முதல் தடவை வந்தபோது அவன் காதுக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தவள் அவள். டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டு நடந்ததால் வாயை மூடிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன், காது பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தேன், உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ஆனாலும் போன ஒரு வருஷத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதப்படுவதில்லை. பேச்சு வராத குழந்தை வந்தால் மொழிமேல் பழியைப் போடாமல் காரணத்தைத் தேடு.

அதற்கப்புறம்தான் இந்தப் புத்தக வேலையை நான் கவனமாகப் படித்தேன். இதெல்லாம் ஆரம்பித்தது 1989-ல், பாஸ்டன் சிட்டி ஆஸ்பத்திரியில். பேரி சக்கர்மன், ராபர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர்களும் மழலைக் கல்வி ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கினார்கள், 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்று பெயர். தடுப்பூசிக்கும் வளர்ச்சி பார்க்கவும் எல்லாக் குழந்தையும் எப்படியும் டாக்டரிடம் வருகிறது, நூலகத்துக்கும் பள்ளிக்கும் அந்த வயதில் வருவதில்லை. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒரு புதுப் புத்தகம் என்று வைத்தார்கள். ஒழுங்காக வருகிற குழந்தை பள்ளியில் சேரும்போது வீட்டில் பத்துப் புத்தகமாவது இருக்கும்.

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களை மட்டும் எடுத்து ரோட் ஐலண்டில் ஒரு ஆய்வு செய்தார்கள், 1999-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. 135 ஏழைக் குடும்பங்கள். ஒரு பாதிக்கு ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த புத்தகமும் குறிப்பும், டாக்டரின் சில வார்த்தைகளும். மறுபாதிக்கு வழக்கமான செக்கப் மட்டும். சுமார் பத்து மாதம் கழித்துக் கேட்டபோது, வாரத்தில் மூன்று நாளாவது பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிறோம் என்றவர்கள் முதல் கூட்டத்தில் 66 சதவீதம், மறு கூட்டத்தில் 24.  ஆனால் குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்களில் வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே இதைச் செக்கப்பின் ஒரு பகுதியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டது. அதனால் உன் சீனியர் யாராவது இது டாக்டர் வேலையா என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்.

படிக்கத் தெரியாத பெற்றோர்தான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். புத்தகத்தை வாங்கி, மூடியபடியே மடியில் வைத்துக்கொள்வார்கள், அல்லது "கண்ணாடி கொண்டுவரலை" என்பார்கள். எங்கள் பக்கம் மெக்ஸிகோவின் ஒஹாகாவிலிருந்து வந்த மிஷ்தெக் பழங்குடிக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டு மொழியே ஸ்பானிஷ் கிடையாது, ஸ்பானிஷ் புத்தகம் கொடுத்துவிட்டோம் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. இப்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி, "எழுத்தை விட்டுவிடுங்கள், படத்தைப் பார்த்து உங்களுக்குத் தோன்றுகிற கதையைச் சொல்லுங்கள்" என்கிறேன். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்குப் படிக்கத் தெரியும் என்று பிரித்துக் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை, யாரும் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. தயவுசெய்து எட்டு வயது அக்காவை வைத்து மொழிபெயர்க்காதே, போன் வழியாகவாவது மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடு.

நியூயார்க்கில், பிராங்க்ஸில் உன்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் டொமினிகன், போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த மெக்ஸிகோ ஸ்பானிஷ் அங்கே சில இடத்தில் இடறும். இங்கே பஸ் 'காமியோன்', அவர்களுக்கு 'குவாகுவா'. இங்கே ஆரஞ்சு 'நரான்ஹா', அங்கே 'சீனா'. புத்தகத்தில் ஒன்று அச்சாகியிருக்க, பாட்டி வேறொன்று சொன்னால் பாட்டி சொல்வதே சரி. அந்த வீட்டில் வழங்குகிற சொல் அதுதானே.

சரி, இன்னொரு விஷயம். உங்கள் க்ளினிக் அலமாரியில் ஸ்பானிஷ் புத்தகம் தீர்ந்துபோய் ஆங்கிலம் மட்டும் கொடுக்கிறோம் என்றாயே. ஆர்டர் போடுவது யார் என்று நர்ஸைக் கேள், அவரிடம் நேரே போய், தீர்வதற்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். நாற்பது புத்தகம், எல்லாம் கெட்டி அட்டை, முக்கால்வாசி இரண்டு மொழியும் உள்ளவை. பத்து மட்டும் எழுத்தில்லாதவை, அவற்றை மேலாக வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்துவிடும். கனமாக இருக்கும், நாலு மாடி நீயே தூக்காதே, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள்.

பாட்டி கேட்கச் சொன்னார், அங்கே குழந்தைகளுக்குக் காட்ட மயில் படம் போட்ட புத்தகம் இருக்கிறதா என்று. பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா