தறிக்கூடத்துக் கணினியின் சூடு: நண்பனுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு மழை விழுந்து காப்பி பூத்துவிட்டது. தோட்டம் முழுக்க வாசம். நீ எழுதியதைப் பார்த்தால் கொண்டலாம்பட்டியில் தகரக் கூரைக்கடியில் ஆளும் கணினியும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கிறீர்கள். ஜக்கார்டு தறிக்கான டிசைன் அட்டையைக் குத்தும் மெஷினின் பிசிஐ கார்டு (பழைய வகைச் செருகு கார்டு) புது மதர்போர்டில் ஏறாது என்கிறாய். அப்படியானால் இன்டெல் பி35 சிப்செட் உள்ள அந்தப் பழைய போர்டைக் காப்பாற்றத்தான் வேண்டும். பிராசசர் 55 டிகிரியைத் தாண்டாமலே மதியத்தில் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால், என் சந்தேகம் நார்த்பிரிட்ஜ் மேல்தான், அதாவது பிராசசரையும் ராமையும் இணைக்கும் சிப் மேல்.

பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், முதலில் நார்த்பிரிட்ஜ் வோல்டேஜைப் பார். சில போர்டுகளில் எம்சிஹெச் என்று இருக்கும். பி35-க்கு உரிய அளவு 1.25 வோல்ட். ஆட்டோவில் விட்டால் பல போர்டுகள் அதற்கு மேலே கொடுத்துவிடும். சிப் வேலை செய்யும்போது வரும் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். அதனால் 1.40-இல் ஓடுவதை 1.25-க்கு இறக்கினாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், வேகம் துளியும் குறையாது. எப்போதும் வோல்டேஜில் தொடங்கு என்று நான் சொல்வது இதனால்தான். 1.25-க்குக் கீழே போக நிறைய போர்டுகள் இடமே தருவதில்லை. உன்னுடையது தந்தால் 0.025 வோல்ட் வீதம் இறக்கு, 1.20 வந்ததும் நிறுத்திக்கொள்.

அடுத்தது எஃப்எஸ்பி, பிராசசரும் நார்த்பிரிட்ஜும் பேசிக்கொள்ளும் பாதையின் வேகம். உன் இ8400 பிராசசருக்கு 333 மெகாஹெர்ட்ஸை 9-ஆல் பெருக்கி 3 கிகாஹெர்ட்ஸ். எஃப்எஸ்பியை 266 ஆக்கினால் பிராசசர் 2.4-க்கு வரும், அட்டை குத்தும் வேலைக்கு அது தாராளம். நார்த்பிரிட்ஜ் சூட்டில் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கும் குறையும். ஆனால் இரண்டு விஷயத்தை மறக்காதே. ராம் வேகத்தை ஆட்டோவில் விடாமல் 667 என்று நீயே போடு. பிசிஐ-எக்ஸ்பிரஸை 100-லும் பிசிஐயை 33.33-லும் பூட்டிவை. பிசிஐ கடிகாரம் பிசகினால் உன் கார்டு தப்பும் தவறுமாகக் குத்தும். நீ வோல்டேஜைச் சந்தேகப்பட்டு அலைவாய்.

பலர் கவனிக்காத ஒன்று ராம். இந்தத் தலைமுறையில் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இல்லை, நார்த்பிரிட்ஜுக்குள் இருக்கிறது. நாலு 1 ஜிபி பட்டைக்குப் பதில் இரண்டு 2 ஜிபி போட்டால் அதன் பாரம் குறையும், குறைந்த வோல்டேஜிலும் நிலையாக நிற்கும். உன் வேலைக்கு 2 ஜிபியே போதுமென்றால் இரண்டு பட்டையைக் கழற்றிவிடு, செலவே இல்லை.

நார்த்பிரிட்ஜ் மேல் சூட்டை வாங்க உட்கார்ந்திருக்கும் உலோக ஹீட்சிங்க்கையும் கழற்றித்தான் ஆகவேண்டும். இத்தனை வருஷத்தில் இடையே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து தூளாகியிருக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, போர்டின் பின்புறம் பின்களின் நுனியைக் குறடால் மெல்ல அழுத்தி விடுவி. நேராக இழுக்காதே, லேசாகத் திருகி எடு. கீழே மூடியில்லாத சிலிக்கான், மூலை உடைந்தால் போர்டு போச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அரிசி அளவு பேஸ்ட் போதும். 40 மிமீ குட்டி ஃபேன் வாங்காதே, தறிப் பஞ்சு சீக்கிரமே அடைத்துவிடும். மெதுவாகச் சுற்றும் 80 மிமீ ஃபேனை டேக் போட்டுக் கட்டி, ஹீட்சிங்க் மேல் காற்றடிக்க வை. பிராசசருக்கு உயரமான டவர் கூலர் மாட்டியிருந்தால் இது இன்னும் அவசியம். கம்பெனி கூலர் கீழ்நோக்கி ஊதி நார்த்பிரிட்ஜுக்கும் கொடுத்த காற்று டவர் கூலரில் கிடைக்காது.

திரையில் காட்டும் 'சிஸ்டம்' வெப்பநிலையை நம்பாதே, அந்த சென்சார் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அள. பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பார்.

சோதனைக்கு முன் டிசைன் கோப்புகளையெல்லாம் வேறு டிஸ்கில் எடுத்துவை. வோல்டேஜ் போதாதபோது மெஷின் நிற்பதோடு போகாது. சத்தமில்லாமல் கோப்பைக் கெடுத்து எழுதும். இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் வோல்டேஜை ஒரு படி ஏற்றிவிடு. பிறகு கணினியை வாட்டிப் பார்க்கும் பிரைம்95-இல், ராமையும் சேர்த்துச் சோதிக்கும் 'பிளெண்ட்' ஓட்டு. 'ஸ்மால் எஃப்எஃப்டி' பிராசசரை மட்டுமே வாட்டும், நார்த்பிரிட்ஜ் சும்மா இருக்கும். இதை மதியம் இரண்டு மணிக்கு, தறியெல்லாம் ஓடும்போது செய். காற்று 10 டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும் என்பதால், இங்கே மலையில் தேறும் செட்டிங் சேலத்தில் தேறும் என்று சொல்லமுடியாது.

திரையே வராமல் போனால் பதறாதே. மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றிவைத்து மாட்டு, பயாஸ் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிவிடும். அதற்காகவே, கை வைக்கும் முன் பயாஸ் பக்கங்களையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொள்.

மே மாதக் கோடை விழாவுக்குத் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேலே வா. கழற்றிய ராம் பட்டைகளைக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்