நெடுந்தீவில் ஒரு இரவு தங்க விடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு ஆட்களைக் கூட்டிவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நான் இந்தத் தீவில் பிறந்தவள். படிப்புக்காகச் சில ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். எங்கள் படகுத்துறையான மாவிலித்துறைக்குப் போகும்போதெல்லாம் உங்கள் பயணிகளைக் காண்கிறேன். காலைப் படகில் வந்து இறங்குகிறார்கள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், குதிரைகள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், நாலு படம். பிறகு உச்சி வெயிலில் வாடிய முகங்களோடு பின்னேரப் படகுக்கு ஓட்டம். இவ்வளவு தூரம் வந்தவர்கள் எங்கள் தீவைப் பார்க்காமலே போகிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் கிடந்து அடிக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் படகுத்துறைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அங்கிருந்து கடலில் இன்னும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். போக வரவே அரைநாள் தொலைந்துவிடுகிறது. மிச்சமிருப்பது தீவு கொதிக்கிற நேரம். நெடுந்தீவின் நல்ல நேரங்களோ விடியற்காலையும் அந்தியும். வெயில் சாய்ந்த பிறகுதான் குதிரைகள் வெளியில் ஆறுதலாக மேயும். கல்வேலிகளில் மஞ்சள் வெளிச்சம் படும். மேற்குக் கரையில் பொழுது கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், நகரத்துப் பிள்ளைகள் ஒருநாளும் கண்டிராத அளவுக்கு வானத்தில் வெள்ளி பூத்திருக்கும். இவற்றில் ஒன்றையும் உங்கள் பயணத் திட்டத்தில் நான் காணவில்லை.

ஒரு இரவு தங்க விடுங்கள். நான் கேட்பதில் முதன்மையானது இதுதான். தீவு தட்டையானது, சைக்கிளுக்கு ஏற்றது. காலையில் ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம் என்று போனால் காணும். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று அவதிப்பட வேண்டாம். கல்வேலிகளுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் கொடுக்கலாம். பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. எந்தக் கல் எதன்மேல் இருக்கும் என்று கை அறிந்தவர்கள் அடுக்கியவை. காற்றை மறிக்காமல் ஊடே விடுவதால் சோளகக் காற்றிலும் நிற்கும். படம் எடுப்பதற்காக அவற்றின்மேல் ஏறுகிறார்கள், ஞாபகத்துக்கென்று கல்லைக் கழற்றிக்கொண்டும் போகிறார்கள். ஒரு கல் போனால் அந்த இடத்திலிருந்து வேலி சரியத் தொடங்கும். கோட்டையும் அதே முருகைக்கல்தான், ஏற்கெனவே பாதிக்கு மேல் இடிந்து நிற்கிறது. ஆபிரிக்காவிலிருந்து வந்து இங்கே வேர்விட்ட பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆள் நுழையலாம். நுழையட்டும். ஆனால் பட்டையில் பெயர் வெட்ட வேண்டாம் என்று ஓட்டோவிலேயே சொல்லிவிடுங்கள்.

குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்துபோன காலத்தின் மிச்சம் அவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். பின்னர் கவனிப்பாரில்லாமல் கட்டாக்காலியாகி, தாமே பெருகி, தாமே பிழைத்து வருகின்றன. 2015இல் அவை மேயும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பால் தண்ணீர் ஊறிவிடாது. கோடையில் குட்டைகள் வற்றிவிடும். வெயிலுக்குள் தண்ணீர் தேடி அலையும் குதிரையை ஓட்டோவில் துரத்தினால் அது ஓடி ஓடி இன்னும் சோர்ந்துபோகும். கடந்த கோடையில் ஒரு குழு, படம் எடுப்பதற்காகக் குட்டியோடு நின்ற தாய்க்குதிரையைச் சுற்றி வளைத்ததை என் கண்ணால் கண்டேன். தாய் தண்ணீர்த்தொட்டியை விட்டு ஓடிப்போய்விட்டது. குட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. தயவுசெய்து தூரத்தில் இறங்கி, பேச்சை நிறுத்தி, இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்கட் போட வேண்டாம்.

எங்களுக்கும் தண்ணீர்தான் பெரிய பாடு. பெரும்பாலான கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்த காலம் என் அம்மாவின் நினைவில் இன்னும் கிடக்கிறது. குடிதண்ணீரைப் பெரிய கலனில் கொண்டுவந்து ஆளுக்கொரு போத்தலில் நிரப்பிக் கொடுங்கள். வெறும் போத்தல்கள் படகிலேயே திரும்பிப் போகட்டும். அவற்றைப் போட எங்களுக்கு இடமில்லை.

அடுத்தது படகு. உங்களுக்கு அது உல்லாசப் பயணம். எங்களுக்கோ ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போக வேறு வழியில்லை. நீண்ட விடுமுறை நாள் ஒன்றில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அம்மாவோடு வந்தேன். பயணக் கூட்டத்தால் படகு நிறைந்துவிட்டது. முழங்கால் நோவோடு அவர் குறிகட்டுவானில் வெயிலில் காத்திருந்தார். யாரையும் குறை சொல்லி ஆவதொன்றுமில்லை. ஆனால் நோயாளியும் கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சியும் ஏறிய பிறகுதான் உங்கள் பயணிகள் ஏற வேண்டும் என்று நீங்களே ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய உதவி!

இந்தக் கடற்பாதைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன எங்கள் சனத்தைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் உங்கள் ஓட்டோக்கள் புறப்படுகின்றன. உங்கள் வழிகாட்டி ஒரு நிமிடம் நிறுத்தி, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். குதிரையின் கதையைச் சொல்லத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டியை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குள்ளேயே தேடுங்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் இங்கே நிறையப் பேர். வெடியரசன் கோட்டையில் நின்று, இந்தத் தீவை ஆண்டதாகச் சொல்லப்படும் வெடியரசனின் கதையை எங்கள் கிழவர்களிடம் கேட்டவர்கள் அவர்கள்.

சாப்பாட்டுப் பொதியை யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிக்கொண்டு வருவதையும் விடுங்கள். இங்கே வீடுகளில் சமைத்துத் தரப் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். நண்டும் கணவாயும் காலையில் கரைக்கு வருகின்றன, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் வீடுகளில் இருக்கிறது, மோருக்கும் குறைவில்லை. அந்தக் காசு தீவிலேயே தங்கினால் அடுத்த வருடம் ஒரு குடும்பமாவது ஊரை விட்டு வெளிக்கிடாமல் இருக்கும்.

சோளகம் வீசும் மாதங்களில் கடல் குழம்பியிருக்கும், அப்போது அவசரப்பட வேண்டாம். வாடை மழை ஓய்ந்து வெளியெல்லாம் புல் முளைத்திருக்கும் தை, மாசியில் ஒரு சிறிய குழுவைக் கூட்டிவாருங்கள். எத்தனை பேர் என்று ஒரு நாள் முந்திச் சொன்னால் காணும், ஒடியல் கூழுக்கு மீன் வாங்கி வைப்போம்.

அன்புடன்,
நெடுந்தீவிலிருந்து உங்கள் சகோதரி