சந்திராவில் நேரம் மட்டும் கொடுத்தால் போதாது: நாசாவுக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர்களுக்கும், நாசாவின் அறிவியல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் நான் கேட்கப்போகும் பணத்தில் ஒரு டாலர்கூட என் கைக்கு வராது. விண்ணில் சுற்றும் நாசாவின் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியில் பார்க்க நேரம் கேட்டு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நேரத்தோடு சேர்ந்து வரும் ஆய்வு நல்கை அமெரிக்க நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நான் அந்த வேலிக்கு வெளியே இருப்பவன். உங்கள் வரிப்பணம், உங்கள் விதி. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பணமில்லாமல் நேரம் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சிறிய குழுவுக்குச் சந்திராவில் நேரம் கிடைத்தது. இருக்கிற நேரத்தைவிடக் கேட்கிற நேரம் பல மடங்கு என்பதால் அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தரவும் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இருந்த ஒரே மாணவர் உதவித்தொகை முடிந்து மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார்; இன்னொருவரைச் சேர்க்கப் பணமில்லை. கோப்புகள் இரண்டு ஆண்டு வட்டில் கிடந்தன. கடைசியில் எங்கள் அமெரிக்கக் கூட்டாளியின் மாணவி ஒருவர், அங்கே அவர்களுக்கு வந்த நல்கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நான்கே மாதத்தில் அதை முடித்தார். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதும் உண்மைதான். ஆனால் முக்கியமான வித்தியாசம் அதுவல்ல. அந்த நான்கு மாதமும் அவருக்கு வேறு வேலை இல்லை.

எக்ஸ்-கதிர்த் தரவு என்றால் அழகான படம் ஒன்று இறங்கி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வருவது ஒரு பட்டியல்: எந்த ஃபோட்டான் (ஒளித்துகள்), எந்த இடத்தில், எந்த நொடியில், எவ்வளவு ஆற்றலோடு வந்து விழுந்தது என்று. ஒளிமிகுந்த பொருளைப் பார்த்தால், கருவி ஒரு ஃபிரேமைப் பதிவு செய்யும் 3.2 நொடிக்குள் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே இடத்தில் விழுந்து, அதிக ஆற்றல் கொண்ட ஒரே ஃபோட்டானாகக் கணக்கில் ஏறிவிடும். தெரியாதவர் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவார். 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடம் கொண்டுபோய் விட்ட நாளிலிருந்து கருவியின் வடிகட்டி மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே வருகிறது. குறைந்த ஆற்றல் கதிர்களில் பாதியை அது விழுங்குகிறதா, அதற்கும் மேலா என்பது நீங்கள் எந்த ஆண்டுத் தரவை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படித்து மட்டும் யாரும் கற்றுக்கொண்டதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். 2024 மார்ச்சில் வந்த அமெரிக்க அரசின் வரவுசெலவுத் திட்டம் சந்திராவின் ஆண்டு ஒதுக்கீடான 6 கோடியே 83 லட்சம் டாலரை 4 கோடியே 11 லட்சமாகவும், அதற்கடுத்த ஆண்டு 2 கோடியே 66 லட்சமாகவும் குறைக்கச் சொன்னது. அந்தத் தொகைக்குள் அறிவியல் பயன் தரும் வகையில் சந்திராவை இயக்க வழியில்லை என்று நாசாவே அமைத்த மறுஆய்வுக் குழு சொன்னது. அப்போது எழுந்த கூச்சல் எல்லாம் தொலைநோக்கியை அணைக்கக் கூடாது என்பதைப் பற்றித்தான். நானும் கத்தினேன். ஆனால் ஆய்வாளர்களுக்கான நல்கையும் இதே தொகைக்குள்தான் இருக்கிறது என்பதைப் பேசியவர்கள் குறைவு. கட்டுப்பாட்டு அறையில் ஆளைக் குறைத்தால் விண்கலம் ஆபத்தில் மாட்டும், செய்தியாகும். நல்கையைக் குறைத்தால் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சேராமல் போவார், அவ்வளவுதான். எனவே இறுக்கும்போது கத்தரிக்கோல் முதலில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு உங்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. விண்கலத்தின் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைச் சேமிக்க முடியாது; தரவைக் காப்பகத்தில் சேமிக்கலாம். இப்போது பார்த்து வைப்போம், ஆய்வு பிறகு நடக்கட்டும். இந்த வாதம் பாதி சரி. எம்51 விண்மீன் மண்டலத்தில் ஓர் இரட்டை விண்மீனின் எக்ஸ்-கதிர் சுமார் மூன்று மணிநேரம் மங்கியதை வைத்து, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று 2021இல் அறிவித்தார்கள். அந்தத் தரவு பதிவானது 2012இல். காப்பகத்தின் அருமைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் பழைய தரவைத் தோண்டவும் ஆள் வேண்டும். உங்கள் நல்கைத் திட்டத்தில் காப்பக ஆய்வுக்கும் கோட்பாட்டு ஆய்வுக்கும் தனியே இடம் வைத்தவர் யாரோ, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாத நேரங்களும் உண்டு. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது. முதல் இரண்டு நாளில் சந்திரா பார்த்தபோது எக்ஸ்-கதிர் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் பார்த்தபோது இருந்தது. அந்த ஒளி ஏன் அத்தனை தாமதமாக வந்தது என்பதே, மோதலிலிருந்து பீறிட்ட கதிர்த்தாரை நம்மை நேராக நோக்காமல் சாய்ந்து போனது என்று காட்டிய தடயங்களில் ஒன்று. அந்த ஒன்பது நாளும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மாதச் சம்பளம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. 2023இல் வெளியான, யூஹெச்இசட்1 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையும் அப்படி உட்கார்ந்து எடுத்ததுதான்: இரண்டு வாரத்துக்கும் மேல் ஒரே இடத்தை உற்றுப் பார்த்து, பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டில் புறப்பட்ட ஃபோட்டான்கள் சிலவற்றைப் பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்து எடுத்தார்கள்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல் பத்தொன்பது வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். போகும் வழியில் போட்ட கணக்கிலிருந்துதான் எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனான வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் பிறந்தது. 1983இல் நோபல் பரிசு. கப்பல் டிக்கெட்டுக்கும் படிப்புக்கும் கைகொடுத்தது அன்றைய இந்திய அரசு கொடுத்த ஓர் உதவித்தொகை. கொடுத்த அதிகாரிக்கு வெண்குறு விண்மீன் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கையெழுத்துப் போட்டார், அது போதுமானதாக இருந்தது.

என் வேண்டுகோள் சிறியது. சந்திராவின் ஒதுக்கீட்டில் ஆய்வு நல்கையைத் தனி வரியாக எழுதுங்கள். இயக்கச் செலவில் துண்டு விழும்போது அதிலிருந்து எடுத்து ஒட்டுப்போட முடியாதபடி எழுதுங்கள். முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டு எடுக்கும் இடத்தில் ஓரிரு ஆண்டுக்கான நல்கையைத் துண்டு துண்டாகக் கொடுத்தால், மாணவர் ஆண்டுதோறும் ஆய்வை விட்டுவிட்டு விண்ணப்பம்தான் எழுதுவார். சில நல்கைகளையாவது நீண்ட காலத்துக்குக் கொடுங்கள். அப்புறம், வரவுசெலவுத் திட்டம் இழுபறியில் நிற்கும் மாதங்களில் தரவு வந்துவிடுகிறது, பணம் வருவதில்லை. அந்த இடைவெளியைக் கடக்க ஒரு சிறு கையிருப்பு வைத்தால்கூடப் போதும்.

சந்திராவைப் போல அரை விகலைக் (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) கூர்மையோடு பார்க்கும் இன்னொரு எக்ஸ்-கதிர்க் கண் இன்று விண்ணில் இல்லை. ஜப்பானின் எக்ஸ்ரிஸம் நிறமாலையில் கில்லாடி, ஆனால் அதன் படம் மங்கல். ஐரோப்பாவின் நியூஅதீனா 2030களின் பிற்பகுதிக்கு முன் வராது. அது வரும் நாளில் அதன் தரவைத் திறந்து பார்க்க வேண்டியவர்கள் இப்போது இருபது வயதில் இருக்கிறார்கள். அடுத்த விண்ணப்பச் சுற்றில் அவர்களில் சிலருக்குச் சந்திராவில் நேரம் கிடைக்கும். கடிதத்தோடு நல்கையும் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பிழைக்கும் ஒருவன்