ஓவியர் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்: கலைச் செய்திகளைத் தமிழாக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ஏலச் செய்தியோ அருங்காட்சியகக் குறிப்போ ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஓவியரின் பெயர் பத்திரமாக வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் இருந்த ஒன்றிரண்டு சொற்கள்தான் வழியில் தொலைகின்றன. படத்தை வரைந்தது யார் என்பதை உண்மையில் சொல்வது அந்த முன்சொற்களே.

ஆங்கிலப் பட்டியலில் ‘ரெம்பிராண்ட்’ என்று வெறும் பெயர் இருந்தால், அவரே வரைந்தது என்பது பட்டியலிட்டவரின் கருத்து. ‘அட்ரிபியூட்டட் டு’ என்றால் முழுதுமோ ஒரு பகுதியோ அவர் வரைந்திருக்கலாம், உறுதியில்லை. ‘ஸ்டூடியோ ஆஃப்’ அவருடைய பட்டறையில் உருவானது, அவர் மேற்பார்த்திருக்கலாம். ‘சர்க்கிள் ஆஃப்’ அவர் காலத்தது, அவர் செல்வாக்கு தெரிவது. ‘ஃபாலோயர் ஆஃப்’ என்பதைச் ‘சீடர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவரிடம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பாணியைப் பின்பற்றியவர், அவ்வளவுதான். ‘மேனர் ஆஃப்’ அதே பாணி, ஆனால் பிற்காலத்தது.

அதிகம் தடுக்கி விழுவது ‘ஆஃப்டர்’ என்ற சொல்லில். ‘ஆஃப்டர் ரெம்பிராண்ட்’ என்பது ‘ரெம்பிராண்டுக்குப் பிந்தைய’ என்று அச்சேறுவதுண்டு. காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரெம்பிராண்டின் ஓவியத்தைப் பார்த்து எடுத்த நகல் என்று பொருள்; அவர் உயிரோடு இருந்தபோதே எடுத்த நகலுக்கும் இதே சொல்தான். ‘ரெம்பிராண்ட் ஓவியத்தின் நகல்’ என்று எழுதினால் போதும்.

இந்தப் பாகுபாடு இன்றைய ஏலக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1618-இல் பிளெமிய ஓவியர் ரூபன்ஸ் தம் ஓவியங்களைக் கொடுத்துப் பழஞ்சிற்பங்களைப் பெறுவதற்காக, இங்கிலாந்துத் தூதர் டட்லி கார்ல்டனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். சிங்கக் குகையில் தானியேல்: முழுக்கத் தம் கை. கட்டுண்ட பிரொமிதியஸ்: தம் கை, ஆனால் கழுகை வரைந்தது ஸ்னைடர்ஸ் என்ற வேறோர் ஓவியர். வேறு சில மாணவர் தொடங்கி, தாம் திருத்தி முடித்தவை. வாங்குபவரிடம் ஓவியரே இவ்வளவு நேர்மையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். செய்தி எழுதுகிற நாம் அதை ஒரே பெயருக்குள் கொட்டிவிடுவது எந்த வகையில் நியாயம்?

பணத்திலும் இதன் எடை தெரியும். இயேசுவைக் காட்டும் ‘சால்வதோர் முந்தி’ ஓவியம் 2005-இல் லியொனார்டோ டா வின்சி படத்தின் நகலாக 1,175 டாலருக்கு விலைபோனது. 2011-இல் லண்டன் நேஷனல் கேலரி அதை லியொனார்டோவின் படைப்பாகவே காட்சிக்கு வைத்தது. 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 45 கோடி டாலரைத் தாண்டியது. இடையில் மேற்பூச்சை அகற்றிச் சீரமைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் விலையை ஏற்றியது, பெயருக்கு முன்னால் இருந்த முன்சொல் உதிர்ந்ததுதான். 2021-இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் தன் கண்காட்சி நூலில், லியொனார்டோவே வரைந்தவற்றின் வரிசையில் இதைச் சேர்க்கவில்லை. ஆகவே இன்னார் வரைந்தது என்று யார், எந்த ஆண்டு சொன்னார்கள் என்பதையும் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

பெயரைச் சுருக்கும்போதும் கவனம் வேண்டும். ‘டா வின்சி’ குடும்பப்பெயர் அல்ல. வின்சி ஊர்க்காரர் என்று பொருள். கலை நூல்கள் அவரை லியொனார்டோ என்றே சுருக்கும். மைக்கலாஞ்சலோவை ‘மைக்கேல் ஏஞ்சலோ’ என்று இரண்டாக வெட்டி, பிறகு ‘ஏஞ்சலோவின் சிற்பம்’ என்று தொடர்வது அபத்தம். அது ஒரே முதற்பெயர், குடும்பப்பெயர் புவனரோட்டி. வான் கோ என்ற பெயரில் ‘வான்’ எப்போதும் ஒட்டியே இருக்கட்டும். டச்சு அகரவரிசையில் மட்டும் அவரை ‘கோ’ என்ற இடத்தில் தேட வேண்டும். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் என்பதில் முன்னால் நிற்கும் ‘ஐ’தான் குடும்பப்பெயர்.

ஆங்கிலத்தில் ‘எ பிக்காசோ’ என்றால் பிக்காசோவின் ஒரு படைப்பு. அதை ‘பிக்காசோ ஓவியம்’ என்று முடிவுகட்டுவதற்குமுன் பொருள் என்ன என்று பாருங்கள். அவர் மண்பாண்டங்கள் செய்தார், அச்சுப்படங்கள் ஏராளம். அச்சுப்படம் என்றால் அது எத்தனை பிரதிகளில் ஒன்று என்ற எண்ணையும் சேர்த்துத் தருவது வாசகருக்கு உதவும்.

கடைசியாக, கையொப்பம். ‘சைன்டு’ என்றால் ஓவியரே ஒப்பமிட்டது. ‘பேர்ஸ் சிக்னேச்சர்’ என்று இருந்தால் படத்தில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் எழுதியது வேறொருவர் கை என்று பட்டியலிட்டவர் கருதுகிறார். இரண்டுக்கும் ‘கையொப்பமிட்ட ஓவியம்’ என்றே போடாமல், பின்னதை ‘அவர் பெயரில் கையொப்பம் காணப்படுகிறது, அவர் இட்டதாகக் கருதப்படவில்லை’ என்று எழுதுங்கள். தலைப்பில் இடமில்லை என்றால் முதல் பத்தியிலாவது.

இப்படிக்கு,
கலைப் பட்டியல்களைத் தமிழாக்கியும் பிழைதிருத்தியும் வருவோர்